லாக் ஃபைல் கிடைக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கலாம்

டெலிவரி ஆப்பில் வரும் பிழை, அலுவலக மேசையில் உட்கார்ந்து பார்க்கும்போது வராது. மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தின் கீழ்த்தளத்தில் சிக்னல் அறுந்து திரும்ப வரும்போது வரும். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் பக்கம் வண்டி போனதும், ஃபோன் கர்நாடக டவரை விட்டுத் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும் அந்த இடைவெளியில் வரும். அங்கெல்லாம் கேபிளும் லேப்டாப்புமாக நாம் பின்னாலேயே போக முடியாது. ஆப்பே தன் லாக்கை, அதாவது ஓடும்போது என்னென்ன நடந்தது என்ற வரி வரியான குறிப்பை, ஃபோனுக்குள் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்க வேண்டும். ரைடர் அதை நமக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டில் எது தடைப்பட்டாலும் நம் கையில் ஒன்றும் இருக்காது. பெங்களூரில் நாங்கள் இப்படிப்பட்ட ஆப்தான் செய்கிறோம். ரைடர்களில் பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பையன்கள். அவர்களிடமிருந்து லாக் வாங்கிப் பார்த்த அனுபவத்தில், அடிக்கடி தலைகாட்டும் அறிகுறிகளையும் அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன். முதலில் ஆண்ட்ராய்டு, கடைசிப் பக்கம் ஐஃபோன்.

எந்த அறிகுறியானாலும் கோடில் கை வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லாக் வரி நம்மிடம் வந்து சேர நான்கு படி தாண்ட வேண்டும்: கோடில் அந்த வரி ஓட வேண்டும், நினைவகத்தில் வரிகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் பஃபருக்குள் போக வேண்டும், அங்கிருந்து ஃபைலுக்கு இறங்க வேண்டும், ஃபைல் ஃபோனை விட்டு வெளியே வர வேண்டும். எந்தப் படியில் தொலைந்தது என்று தெரியாமல் பெர்மிஷனை மாற்றுவதும் லைப்ரரியை மாற்றுவதும் வீண் வேலை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஆப் திறந்தவுடன் எழுதும் தலைப்பு வரி. ஆப் பதிப்பு, பில்டு எண், ஃபோன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, நேர மண்டலத்தோடு நேரம், பிராசஸ் ஐடி. இந்த வரியை எழுதிய கையோடு ஃபைலுக்கு இறக்கிவிடுங்கள். பிறகு எந்தப் புகார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தலைப்பு வரி இருக்கிறதா?

ஃபைலையே காணோம்

பெரும்பாலும் ஃபைல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முன்பெல்லாம் மெமரியின் மேல்மட்டத்தில் நம் ஆப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் எழுதிவிடுவோம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-ஐ இலக்காக வைத்துக் கட்டிய ஆப்புக்குப் பழைய ஸ்டோரேஜ் எழுதும் பெர்மிஷனால் எந்தப் பயனும் இல்லை. இன்னமும் பழைய பதிவுகளைப் பார்த்து அந்த பெர்மிஷனைக் கேட்கும் கோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. பயனர் "அனுமதி" தட்டுவார், ஃபைல் உருவாகாது.

சரியான இடம், ஆப்புக்கென்றே ஒதுக்கிய ஃபோல்டர். வெளி ஸ்டோரேஜில் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் டேட்டா, அதற்குள் உங்கள் பேக்கேஜ் பெயர், அதற்குள் ஃபைல்ஸ். ஆண்ட்ராய்டு 4.4 முதல் இதில் எழுத எந்த பெர்மிஷனும் வேண்டாம். ஆனால் ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த டேட்டா ஃபோல்டரை மற்ற ஆப்கள் திறக்க முடியாது. ரைடர் தன் ஃபைல் மேனேஜரில் போய்ப் பார்த்தால் காலியாகக் காட்டும், அல்லது காட்டவே காட்டாது. "ஒண்ணுமே இல்லண்ணா" என்பார். அவர் சொல்வது உண்மைதான், நம் ஃபைலும் அங்கேயேதான் இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் டிவைஸ் எக்ஸ்ப்ளோரரில் பாருங்கள். இருந்தால் எழுதும் பக்கம் சரி, வெளியே எடுக்கும் பக்கம்தான் பாக்கி. அதற்கு வழி கீழே சொல்கிறேன். இதற்காக எல்லா ஃபைல்களையும் அணுகும் அனுமதியைக் கேட்காதீர்கள். பிளே ஸ்டோர் அதை எல்லா ஆப்புக்கும் தருவதில்லை. ஒரு லாக் ஃபைலுக்காக மனிதர்களின் முழு ஸ்டோரேஜையும் கேட்பது நியாயமும் இல்லை.

ஃபைல் பெயரில் நேரத்தைச் சேர்க்கும்போது முக்காற்புள்ளி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 10:45 என்று பெயரில் வந்தால் பல ஃபோன்களின் வெளி ஸ்டோரேஜ் ஏற்காது, விண்டோஸும் ஏற்காது. தேதியும் நேரமும் வெறும் எண்களாக, ஃபோனின் மொழி அமைப்பைச் சாராமல் இருக்கட்டும். மாதப் பெயரை எழுத்தில் கேட்டால் தமிழில் வைத்திருக்கும் ஃபோனில் பெயர் தமிழில் வரும். மராத்தி வைத்திருந்தால் எண்களே தேவநாகரியில் வரலாம். பிறகு பெயரை வைத்து ஃபைலைத் தேடும் கோடு திணறும்.

இன்னொரு காரணம் ரைடர்களிடம் மிகச் சகஜம். ஆப் தகராறு செய்தால் கூட இருக்கும் நண்பர் சொல்லும் முதல் வைத்தியம், அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்பதுதான். "ஆப்ப அழிச்சிட்டு மறுபடி போட்டுட்டேண்ணா, இப்ப ஓடுது" என்று செய்தி வந்தால், அந்த லாக் போய்விட்டது என்று அர்த்தம். ஆப்பின் சொந்த ஃபோல்டர்கள் ஆப்போடு சேர்ந்து அழியும். ஆகவே உதவி எண்ணுக்கு அழைப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "அழிக்காதீங்க, முதல்ல லாக்க அனுப்புங்க." கேஷ் ஃபோல்டரில் எழுதுவோருக்கும் இதே கதிதான். இடம் போதாமல் போனால் ஆண்ட்ராய்டு கேட்காமலேயே கேஷைத் துடைத்துவிடும். 32 ஜிபி ஃபோனில் வாட்ஸ்அப் வீடியோ நிறைந்திருக்கும்போது அது அடிக்கடி நடக்கும்.

ஃபைல் இருக்கிறது, உள்ளே தலைப்பு வரி மட்டும்தான்

ரிலீஸ் பில்டில் மட்டும் இப்படியானால், வரிகள் பிறக்கவே இல்லை. ரிலீஸ் பில்டில் தேவையற்ற கோடை நீக்கும் கருவியான ஆர்8-இன் கட்டமைப்பில், லாக் அழைப்புகளால் எந்த விளைவும் இல்லை என்று அறிவிக்கும் விதி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அத்தனை லாக் அழைப்புகளையும் ஆர்8 கத்தரித்து எறிந்திருக்கும். டிம்பர் என்ற லாக் லைப்ரரியைப் பயன்படுத்துவோர், மரம் நடும் வரி (லாக் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பகுதியை அது மரம் என்கிறது) டீபக் பில்டுக்கான நிபந்தனைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலில் எழுதும் மரத்தைத் தனியாக, நிபந்தனைக்கு வெளியே நட வேண்டும். ரியாக்ட் நேட்டிவ்காரர்கள் கன்சோல் வரிகளை நீக்கும் பேபல் பிளகினைச் சரிபார்க்கலாம்.

அளவு 0 என்றே காட்டி, தலைப்பு வரியும் இல்லையென்றால் அது பஃபர் கதை. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம்.

கிராஷுக்கு முந்தைய கடைசி வரிகள் இல்லை

எல்லா அறிகுறிகளிலும் வேதனையானது இதுதான். காலையிலிருந்து நடந்ததெல்லாம் ஒழுங்காக ஃபைலில் இருக்கும், வேண்டிய அந்தக் கடைசி சில நொடிகள் மட்டும் இருக்காது. லாக் எழுதுவதே அந்த நொடிகளுக்காகத்தான்.

ஜாவாவின் பஃபர்டு ரைட்டர் இயல்பாக 8192 எழுத்துகளைச் சேர்த்து வைத்து, நிறைந்த பிறகுதான் கீழே தள்ளும். நம் லாக் வரி நூறு எழுத்து என்று வைத்துக்கொண்டால் எண்பது வரி வரை நினைவகத்தில் காத்திருக்கும். ஆப் செத்தால் அவையும் சேர்ந்து சாகும். தீர்வு எளிது, பஃபரில் இருப்பதை உடனே கீழே தள்ளும் ஃப்ளஷ்: எச்சரிக்கை, பிழை நிலை வரிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஃப்ளஷ், சாதாரண வரிகளுக்குச் சில நொடிக்கு ஒருமுறை ஃப்ளஷ், ஆப் பின்னணிக்குப் போகும்போது கட்டாயம் ஒரு ஃப்ளஷ்.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும்: ஃப்ளஷ் போதுமா, டிஸ்க் வரை தள்ளும் சிங்க்கும் வேண்டுமா? ஃப்ளஷ் செய்தவுடன் வரிகள் ஆப்பின் நினைவகத்தை விட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கைக்குப் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு ஆப் கிராஷ் ஆனாலும், சிஸ்டம் அதைக் கொன்றாலும் வரிகளுக்கு ஒன்றும் ஆகாது, கெர்னல் நிதானமாக எழுதிக்கொள்ளும். ஃபோனே சட்டென்று அணைந்தால்தான் அவை போகும். ஆகவே ஆப் கிராஷைத் துரத்துவோருக்கு ஃப்ளஷ் போதும். பேட்டரி தளர்ந்த ஃபோன் வண்டிக் குலுக்கலில் அணைந்துபோகிறது என்பது போன்ற புகாருக்கு மட்டும், முக்கியமான வரிகளுக்கு சிங்க் சேருங்கள். எல்லா வரிக்கும் சிங்க் போட்டால் மலிவு ஃபோன்களில் ஆப் கண்ணெதிரே மெதுவாகும்.

லாக் எழுதத் தனி திரெட் வைத்திருந்தால் இன்னொரு ஓட்டை உண்டு. வரிகள் முதலில் ஒரு வரிசையில் நின்று, பிறகுதான் ரைட்டருக்குப் போகும். கிராஷ் நேரத்தில் வரிசையில் நிற்பவை அப்படியே போய்விடும். பிடிபடாத எக்ஸெப்ஷனைக் கவனிக்கும் ஹேண்ட்லரில் மூன்று வேலைகளை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: கிராஷ் விவரத்தை நேரடியாக ஃபைலில் எழுதுவது, வரிசையில் நிற்பவற்றைக் குறுகிய கால வரம்போடு காலி செய்வது, ஏற்கனவே இருந்த ஹேண்ட்லரை அழைப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் ஆப் சாகாமல் உறைந்து நிற்கும். கிராஷ் அறிக்கை அனுப்பும் வேறு லைப்ரரி இருந்தால் அதற்கும் தகவல் போகாது.

இவ்வளவும் செய்த பிறகும் கடைசி வரிகளுக்குப் பின் கிராஷ் விவரம் இல்லையென்றால், அது ஜாவா பக்கத்துக் கிராஷே இல்லை. சி, சி++ மொழியில் எழுதிய நேட்டிவ் லைப்ரரியில் விழுந்திருக்கலாம். அல்லது நினைவகம் போதாமல் சிஸ்டம் ஆப்பைக் கொன்றிருக்கலாம்; அப்போது நம் கோடில் ஒரு வரிகூட ஓட வாய்ப்புக் கிடைக்காது. சில ஃபோன்களில் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று பின்னணி ஆப்களை அணைக்கும் வசதி இருக்கும், அதுவும் இதே மாதிரித்தான் தெரியும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஆப் தன் முந்தைய மரணங்களின் காரணத்தைச் சிஸ்டத்திடமே கேட்கலாம்: கிராஷ், நேட்டிவ் கிராஷ், பதில் சொல்லாமல் நின்றது, நினைவகம் போதாமை, பயனர் நிறுத்தியது என்று பிரித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டு 12 முதல் நேட்டிவ் கிராஷின் தடயத்தையும் அங்கேயே படிக்கலாம். ஆப் திறந்தவுடன் இதைக் கேட்டுத் தலைப்பு வரிக்குக் கீழே எழுதிவிடுங்கள். "முந்தைய ஓட்டம்: நினைவகம் போதாமல் நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரி கிடைத்தால் இல்லாத கிராஷைத் தேடும் வேலை மிச்சம். என்னைக் கேட்டால் இந்த வழிமுறை முழுவதிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

நேட்டிவ் கிராஷ் அதிகம் இருக்கும் ஆப்புக்கு, ஃபைலையே நினைவகத்தோடு பிணைத்து எழுதும் முறை உதவும். டென்சென்ட் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட மார்ஸ் எக்ஸ்லாக் இப்படித்தான் வேலை செய்கிறது. எழுதிய கணமே வரி கெர்னலிடம் இருக்கும், ஃப்ளஷுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பழைய வரிகள் காணாமல் போகின்றன

ஒவ்வொரு முறை ஆப் திறக்கும்போதும் ஃபைல் புதிதாகத் தொடங்கினால், சேர்த்து எழுதும் தேர்வு விட்டுப்போயிருக்கிறது. ஃபைல் ரைட்டருக்கு இரண்டாவது மதிப்பாக உண்மை (true) என்று கொடுக்காவிட்டால் பழையதை அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

ஆண்ட்ராய்டின் சிஸ்டம் லாக்கைக் காட்டும் லாக்கேட்டை ஆப்புக்குள்ளிருந்தே ஓட்டி ஃபைலுக்குத் திருப்புவோருக்கு வேறு சிக்கல். லாக்கேட் ஒரு சுழலும் பஃபர். தெருச்சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவது போலப் புதியது வரவரப் பழையது மறையும். பிழை நடந்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் அதில் ஒன்றும் இருக்காது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் லாகர் பஃபர் அளவைக் கூட்டலாம். ஆனால் அதைத் திறக்க பில்டு நம்பரை 7 முறை தட்ட வேண்டும், அது நம் மேசையில் இருக்கும் ஃபோனுக்குத்தான் சரி. 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1 முதல் ஒரு சாதாரண ஆப் தன் சொந்த வரிகளை மட்டுமே லாக்கேட்டில் படிக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்ற ஆப்பின் வரி வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வரி பாதியில் வெட்டுப்படுகிறது

தமிழிலும் கன்னடத்திலும் முகவரி எழுதும் ஆப் என்றால் இதைச் சீக்கிரமே பார்ப்பீர்கள். லாக்கேட்டில் ஒரு பதிவுக்கு ஏறத்தாழ 4000 பைட்தான் இடம், மிஞ்சினால் வெட்டிவிடும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொரு குறிக்கும், 3 பைட். ஸ்ரீராமபுரம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்ப்புள்ளி, உயிர்க்குறி எல்லாம் சேர்த்து 12 குறியீட்டுப் புள்ளி, அதாவது 36 பைட். அதையே ஆங்கிலத்தில் Srirampuram என்று எழுதினால் 11 பைட். ஆங்கில முகவரியோடு சோதித்தபோது முழுசாக வந்த சர்வர் பதில், தமிழ் முகவரியோடு வெட்டுப்படுவது இதனால்தான். நீளமான வரிகளை வெட்டி, துண்டு எண் போட்டு எழுதுங்கள். லாக்கேட் வழியாகப் போகாமல் நேரடியாக ஃபைலில் எழுதினால் இந்த வரம்பே கிடையாது. அதனால்தான் நேரடியாக எழுதச் சொல்கிறேன்.

எழுத்து வெட்டுப்படாமல், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டக் குறிகளுமாகத் தெரிந்தால், ஃபைலில் குற்றமில்லை. திறக்கும் கணினி யுடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளவில்லை. அளவு எட்டியதும் புது ஃபைலுக்கு மாறும் கோடு, பைட் கணக்கில் நட்டநடுவே வெட்டாமல் வரி முடிவில் மாறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நேரம் முன்னும் பின்னுமாக இருக்கிறது

சர்வர் லாக்கோடு சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் என்றால் நேர மண்டலம் எழுதவில்லை. நடுவில் நேரம் குதித்தால் ஃபோனின் கடிகாரம் மாறியிருக்கிறது. ஃபோன் பூட் ஆனதிலிருந்து ஓடும் கடிகார மதிப்பையும் வரியில் சேர்த்தால் வரிசை குழம்பாது. ஒரே ஃபைலில் இரண்டு பிராசஸ் எழுதினாலும் வரிகள் பின்னிக்கொள்ளும்; பிராசஸுக்கு ஒரு ஃபைல் வையுங்கள்.

வேறு ஃபோனின் வரிகள் வருகின்றன

தலைப்பு வரியில் பழைய ஃபோன் மாடல் பெயர் இருக்கும். ரைடர் புது ஃபோன் வாங்கி அதே கணக்கில் நுழைந்திருப்பார். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் லாக் ஃபைலையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கும். ஓர் ஆப்புக்கு அந்த பேக்கப்பில் 25 எம்பிதான் இடம். லாக் அதைத் தின்றால் தேவையான தரவும் பேக்கப் ஆகாது. பேக்கப்பில் சேராத ஃபோல்டர் ஆப்புக்குள் தனியாக உண்டு, லாக்கை அங்கே வையுங்கள்.

ஃபைல் இருக்கிறது, அனுப்ப முடியவில்லை

ஷேர் தட்டியவுடன் ஆப் கிராஷ் ஆனால், ஃபைலின் நேரடிப் பாதையை வேறு ஆப்புக்குக் கொடுக்கிறீர்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 இதைத் தடுக்கிறது. மற்ற ஆப்புக்கு ஃபைலைப் பாதுகாப்பாகத் தரும் ஃபைல் புரொவைடர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், கூடவே தற்காலிகமாகப் படிக்கும் அனுமதிக் கொடியும். "ரூட் கிடைக்கவில்லை" என்ற பிழை வந்தால், பாதைகளை அறிவிக்கும் எக்ஸ்எம்எல்லில் நீங்கள் எழுதும் ஃபோல்டர் இல்லை. உள் ஸ்டோரேஜுக்கும் வெளி ஸ்டோரேஜுக்கும் கேஷுக்கும் அதில் தனித்தனிக் குறிச்சொற்கள். ஒன்றுக்கு மற்றொன்று உதவாது. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை அப்படியே கொடுக்காமல், ஃப்ளஷ் செய்து, கேஷில் ஒரு ஜிப் பிரதி எடுத்து அதைக் கொடுங்கள்.

திறந்தவுடனேயே ஆப் விழுந்தால் ரைடர் ஷேர் பட்டனுக்கு எப்படிப் போவார்? ஆண்ட்ராய்டு 7.1 முதல் ஆப் ஐகானை அழுத்திப் பிடித்தால் குறுக்குவழிகள் வரும். அதில் "பிழை விவரம் அனுப்பு" என்று ஒன்று வைத்து, தனி பிராசஸில் ஓடும் ஒரு சின்னத் திரையைத் திறக்கச் செய்யுங்கள். அந்தத் திரை லாக்கை ஜிப் செய்து ஷேர் செய்வதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. அப்ளிகேஷன் கிளாஸ் இந்த பிராசஸிலும் ஓடும் என்பதால், அங்கே நடக்கும் கனமான தொடக்க வேலைகளை இந்த பிராசஸுக்குத் தவிர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் அதே கிராஷ் இங்கேயும் வரும்.

ஐஃபோனில்

கன்சோலில் தெரிந்த வரி ஃபைலில் இல்லையென்றால், பிரிண்ட் பயன்படுத்தியிருப்பீர்கள். அது சிஸ்டம் லாக்குக்குப் போகாது. சிஸ்டம் லாக்கில் மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'பிரைவேட்' என்று வந்தால் அது பிழையில்லை. ஐஓஎஸ் மாறும் சரங்களை இயல்பாகவே மறைக்கிறது, வெளிப்படையாக அறிவித்தால்தான் காட்டும். ஐஓஎஸ் 15 முதல் ஆப் தன் சிஸ்டம் லாக்கைத் தானே படிக்கலாம், ஆனால் இப்போது ஓடும் பிராசஸின் வரிகளை மட்டும்தான். கிராஷுக்கு முந்தைய ஓட்டம் வேண்டுமென்றால் சொந்த ஃபைல் வைத்தே ஆக வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு ஃபைல் தொலைந்தால் முழுப் பாதையைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள். ஆப்பின் இருப்பிடப் பாதை மாறக் கூடியது, ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறுங்கள். திரை பூட்டியிருக்கும்போது மட்டும் வரிகள் இல்லையென்றால் ஃபைலின் பாதுகாப்பு நிலை முழுமையாக வைக்கப்பட்டிருக்கிறது. லாக் ஃபைலுக்கு முதல் திறப்பு வரை என்ற நிலை போதும்.

ஃபைலில் இருக்கக் கூடாதது இருக்கிறது

எல்லாம் ஒழுங்காக வேலை செய்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியிட வேண்டாம். ரைடர் அனுப்பும் ஃபைல் நேரே நம்மிடம் வருவதில்லை. கிடங்கு மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப்புக்குப் போய், அங்கிருந்து ஒரு குழுவுக்குப் போய், பிறகு வரும். அதில் வாடிக்கையாளரின் ஃபோன் எண், வீட்டு முகவரி, ஓடிபி, லாகின் டோக்கன் இருந்தால் அத்தனை பேர் ஃபோனிலும் அது தங்கிவிடும். தனிப்பட்ட டிஜிட்டல் தரவுகளைக் காக்க 2023-இல் வந்த சட்டமும் நாட்டில் இருக்கிறது. அனுப்பும்போது மறைப்பது தாமதம், ஃபைலில் எழுதும் முன்பே மறைக்க வேண்டும். சர்வரோடு பேச உதவும் லைப்ரரியான ஓகேஎச்டிடிபியின் லாகிங் இன்டர்செப்டரில் அங்கீகார ஹெடரை மறைக்கும் வசதி தயாராக இருக்கிறது. ஆனால் உள்ளடக்கம் முழுவதையும் எழுதும் நிலையில் வைத்தால் ஹெடரை மறைத்தும் பயனில்லை. ரிலீஸில் அடிப்படை நிலைக்கு மேல் போக வேண்டாம்.

சோதனைக்கு, ஒரு நாள் முழுக்க ஓடிய உண்மையான லாக் ஃபைலை எடுத்து, 6, 7, 8, 9-இல் தொடங்கும் தொடர்ச்சியான பத்து இலக்கங்களைத் தேடுங்கள். பிறகு டோக்கன், ஓடிபி, பாஸ்வேர்டு என்ற சொற்களைச் சிறிய, பெரிய எழுத்து வேறுபாடு பாராமல் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதிய கோடைக் கண்டுபிடித்து, அங்கேயே கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியும்படி மாற்றுங்கள். ஏற்கனவே ரைடர்களின் ஃபோன்களில் கிடக்கும் பழைய ஃபைல்களை, அடுத்த பதிப்பு முதல் முறை திறக்கும்போதே அழித்துவிடும்படி வைத்துவிடுங்கள்.